மினிட்மென்: மூன்று பேர், 45 பாட்டு, ஏறக்குறைய 1,100 டாலர். இவர்கள் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாட்டுப்பித்தன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு வாரமாக ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மினிட்மென் குழுவின் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்', 1984-ல் வந்த இரட்டைத் தட்டு. 'ஜாக்ஆஸ்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது துள்ளிக்கொண்டு ஒரு கிட்டார் வருமே, அது யாருடையது என்று தேடப்போய் இங்கே வந்து சேர்ந்தேன். அந்தப் பாட்டின் பெயர் 'கொரோனா'.

பங்க் என்றால் வேகமாக அடிப்பார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இதில் ஃபங்க் இருக்கிறது, ஜாஸ் வாடை அடிக்கிறது, கிராமத்து மெட்டு மாதிரி ஒன்று திடீரென்று வந்து போகிறது, பாட்டு பிடிபட ஆரம்பிக்கும்போதே முடிந்தும் விடுகிறது, அடுத்தது தொடங்கிவிடுகிறது. அப்படியே 45 பாட்டு. இத்தனைக்கும் மொத்தச் செலவு ஏறக்குறைய 1,100 டாலர்தானாம்.

கேட்க வந்தது இதுதான். யார் இவர்கள், எந்த ஊர்? ஒரு நிமிஷப் பாட்டுகளாகப் போடுவதால்தான் மினிட்மென் என்று பெயர் வைத்தார்களா? ஆறு வருஷத்திலேயே ஏன் நின்றுபோனது? அப்புறம், இவ்வளவு குறைந்த காசில் எப்படிப் பதிவு செய்தார்கள்? கடைசிக் கேள்வியை விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி. நாங்களும் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறோம், சொந்தமாகப் பன்னிரண்டு பாட்டு கையில் இருக்கிறது, ஸ்டூடியோவில் மணிக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்ததிலிருந்து ஒரு மாதமாக அப்படியே நிற்கிறோம்.

---

பழைய_கேசட் எழுதியது:

நல்ல ஆல்பத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். எனக்கு இருபது வருஷமாக அதிலிருந்து வெளியே வர மனமில்லை.

முதலில் ஊர். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் இருக்கும் சான் பீட்ரோ. எழுத்தில் பெட்ரோ என்றுதான் இருக்கும், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பீட்ரோ என்றுதான் சொல்வார்கள். ஹாலிவுட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான், ஆனால் வாழ்க்கை முழுக்க வேறு. கப்பல், மீன், கிரேன், கடற்படைக் குடும்பங்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த மைக் வாட்டின் அப்பா கடற்படையில் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வாட்டும், கிட்டார் வாசித்துப் பாடிய டி. பூனும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது பெக் பார்க் என்ற பூங்காவில், ரெண்டு பேருக்கும் பதின்மூன்று வயது இருக்கும்போது. பூன் மரத்தின் மேலே உட்கார்ந்திருக்கிறான், பட்டாளத்தார் விளையாட்டு. கீழே நடந்துபோகிற பையனைத் தன் கூட்டாளி என்று நினைத்து மேலிருந்து தொப்பென்று குதித்துவிட்டான். அது வாட். அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கொண்டே நடக்க, பூன் வாயைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் அவ்வளவு கூர்மையாக, அவ்வளவு சிரிப்பாக வருகிறதாம். இவ்வளவு புத்திசாலியை நான் பார்த்ததே இல்லை என்று வாட் வாயடைத்துப் போயிருக்கிறார். அத்தனையும் ஜார்ஜ் கார்லின் நகைச்சுவைத் தட்டுகளிலிருந்து மனப்பாடம் பண்ணியது என்பது பூன் வீட்டுக்குப் போய் அந்தத் தட்டுகளைக் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பையன்கள் தெருவில் சுற்றாமல் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று பூனின் அம்மாதான் ரெண்டு பேரையும் வாசிக்கச் சொன்னார். நீ பேஸ் வாசி என்று வாட்டுக்குச் சொன்னதும் அவர்தான். பேஸ் என்றால் என்னவென்று வாட்டுக்குத் தெரியாது. போட்டோவில் பார்த்தால் நாலு கம்பிதான் இருக்கிறது, சரி, கிட்டாரில் ரெண்டு கம்பியைக் கழற்றினால் பேஸ் என்று கொஞ்ச காலம் அப்படியே வாசித்திருக்கிறார். பிறகு ஒருநாள் நிஜமான பேஸைப் பார்த்தபோது அந்தக் கம்பிகளின் தடிமனைப் பார்த்தே திகைத்துப் போனாராம்.

அவர்கள் வளர்ந்த எழுபதுகளில் ராக் என்றால் பெரிய அரங்கம். மேடை எங்கேயோ இருக்கும், அதில் இருப்பவர்கள் வேறு பிறவிகள், நம்மைப் போன்றவர்கள் அவர்களின் பாட்டை வீட்டுக்குள் பார்த்து வாசித்துப் பழகலாம், அவ்வளவுதான். க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் பாட்டுகளை இவர்களும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி முடிந்த சமயத்தில் ஹாலிவுட் கிளப்களில் பங்க் கச்சேரிகளுக்குப் போனபோது, அங்கே தங்கள் வயசுப் பையன்கள், தங்களை விடக் குறைவாக வாசிக்கத் தெரிந்தவர்கள், சொந்தப் பாட்டை எழுதி மேடை ஏறுகிறார்கள். பாட்டு நாமே எழுதலாம் என்பதே அங்கேதான் உறைத்தது. பங்க்கை அவர்கள் ஒரு ஓசையாகப் பார்க்காமல் ஒரு அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஃபங்க், ஜாஸ், கிராமத்து மெட்டு எல்லாம் இதில் எப்படி வந்தது என்கிறீர்களே, அதனால்தான்.

முதலில் 'ரியாக்ஷனரீஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1979-ல் சான் பீட்ரோவுக்கு பிளாக் ஃப்ளாக் என்ற பங்க் குழு வாசிக்க வந்தபோது அதே மேடையில் இவர்களும் வாசித்தார்கள். பிளாக் ஃப்ளாக் கிட்டாரிஸ்ட் கிரெக் கின் எஸ்.எஸ்.டி என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். அங்கே கிடைத்த பழக்கம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் வழி விட்டது. 1980-ல் மினிட்மென் ஆரம்பம், சீக்கிரமே ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தார். அதே வருஷம் 'பாரனாய்ட் டைம்' வந்தது, எஸ்.எஸ்.டி வெளியிட்ட ரெண்டாவது தட்டு. ஏழு பாட்டு, ஏழும் சேர்ந்து ஏழு நிமிஷம்கூட வராது. டவுன் பஸ்ஸில் ஏறி ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் மொத்தமும் கேட்டுவிடலாம்.

பெயர் விஷயம் எல்லோரும் கேட்பது. பாட்டு ஒரு நிமிஷம் என்பதால் வைத்த பெயர் இல்லை என்று வாட் பல தடவை சொல்லியிருக்கிறார். அமெரிக்க விடுதலைப் போரில் கூப்பிட்ட நிமிஷத்தில் துப்பாக்கியோடு வந்து நின்ற குடியானவர்களுக்கு அந்தப் பெயர். அறுபதுகளில் அதே பெயரை ஒரு தீவிர வலதுசாரிக் கும்பல் வைத்துக்கொண்டது, அவர்களைச் சீண்டுவதும் ஒரு காரணம். பாட்டு குட்டியானதற்கு வேறு தூண்டுதல் உண்டு. 1977-ல் வந்த இங்கிலாந்துக் குழு வயரின் 'பிங்க் ஃப்ளாக்' ஆல்பத்தில் 21 பாட்டு. சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்திவிடலாம் என்று அதைக் கேட்டுத்தான் இவர்களுக்குத் துணிச்சல் வந்தது.

'கொரோனா' பற்றி ஒன்று சொல்கிறேன், பிறகு அந்தப் பாட்டை உங்களால் பழையபடி கேட்க முடியாது. ஒரு ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு நண்பர்களோடு மெக்சிகோ கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து பார்த்தால், ஒரு பெண் இவர்கள் குடித்துப் போட்ட பீர் பாட்டில்களை மணலிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார், கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் சில்லறைக்காக. அந்தக் காலைதான் பூன் எழுதிய அந்தப் பாட்டு. விழுந்து எழுந்து சிரிக்கிற நிகழ்ச்சிக்கு அது முகப்பு இசையாகிப் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் உங்களைப் போல ஆட்களை அது இங்கே கொண்டுவந்தும் சேர்க்கிறது.

---

நாலுகம்பி எழுதியது:

நான் பேஸ் வாசிப்பவன், அதனால் காசு விஷயத்தையும் சத்தம் விஷயத்தையும் நான் சொல்கிறேன்.

காசு: அவர்கள் ஊர்ப்பேச்சில் ஒரு சொல் உண்டு, 'எகானோ'. சிக்கனம் என்று நாம் சொல்வது, ஆனால் வாட் அதைப் பெருமையாகச் சொல்வார். ஆரம்பத் தட்டுகளை நள்ளிரவுக்கு மேல் பதிவு செய்தார்கள், அந்த நேரத்துக்கு ஸ்டூடியோ வாடகை குறைவு. யாரோ ஏற்கெனவே பயன்படுத்திய பழைய டேப்பை வாங்கி அதன் மேலேயே பதிவு. பாட்டுகளைத் தட்டில் என்ன வரிசையில் வர வேண்டுமோ அதே வரிசையில் வாசித்துவிடுவார்கள், பின்னால் டேப்பை வெட்டி ஒட்டி வரிசைப்படுத்துகிற மணிக்கணக்கு மிச்சம். அதற்கு எவ்வளவு ஒத்திகை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1981-ல் வந்த 'தி பஞ்ச் லைன்' 18 பாட்டு, சுமார் 15 நிமிஷம். ஒத்திகைக்குப் பைசா செலவில்லை, ஸ்டூடியோவுக்குத்தான் செலவு. அதனால் வேலை எல்லாவற்றையும் ஒத்திகையில் முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

'டபுள் நிக்கல்ஸ்' முதலில் ஒற்றைத் தட்டாகத்தான் பதிவானது. அந்த நேரத்தில் ஹஸ்கர் டூ குழு வந்து 'ஜென் ஆர்கேட்' என்று இரட்டைத் தட்டுக்குப் பதிவு செய்துவிட்டுப் போக, நாமும் விடக் கூடாது என்று இன்னும் ஒரு குவியல் பாட்டு எழுதி வெனிஸ் பகுதியிலிருந்த ரேடியோ டோக்கியோ ஸ்டூடியோவுக்குத் திரும்பப் போனார்கள். ஈதன் ஜேம்ஸ் பதிவு செய்தார். மிக்ஸிங் ஒரே ராத்திரி. ரெண்டு ஆல்பமும் 1984 ஜூலையில் எஸ்.எஸ்.டி-யிலேயே வந்தன. நாலு பக்கத்தில் மூன்று பக்கத்தை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு சீட்டு எடுப்பது மாதிரி பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள், யாரும் எடுக்காமல் மிஞ்சியது நாலாவது பக்கம். அதற்குப் 'பதர்' என்றே பெயர். பதர் என்று ஒதுக்கிய பக்கத்திலும் நல்ல பாட்டுகள் இருக்கின்றன.

சத்தம்: ஹெட்போன் போட்டுக்கொண்டு கிட்டாரை மட்டும் கவனியுங்கள். பூனின் கிட்டாரில் அடிக்கனமே கிடையாது. ட்ரெபிளை, அதாவது மேல் ஓசையை ஏற்றி, ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் இல்லாமல், சரக் சரக் என்று தகரத்தைக் கீறுவது போல வாசிப்பார். சாதாரணமாக ராக்கில் கிட்டார்தான் வீட்டு முதலாளி, எல்லா அறையையும் எடுத்துக்கொள்ளும், பேஸ் வாசிப்பவன் திண்ணையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பான். பூன் வேண்டுமென்றே அந்த இடத்தைக் காலி செய்து வாட்டுக்கும் ஹர்லிக்கும் விட்டுக்கொடுத்தார். மூன்று பேரும் சமம் என்று பாட்டில் சொன்னதை ஆம்ப்ளிஃபயரின் திருகிலேயே செய்துகாட்டியிருக்கிறார். அரசியல் பாட்டுக் குழுக்கள் நிறைய கேட்டிருக்கிறேன், கொள்கையை இப்படி ஒலியிலேயே வைத்துப் பார்த்தது இவர்களிடம்தான். அந்த இடைவெளி இருப்பதால்தான் ஹர்லியின் டிரம்ஸ் அவ்வளவு துல்லியமாக, ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

உங்கள் மூன்று பேருக்கும் சொல்ல நினைப்பது: பன்னிரண்டு பாட்டையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே போனில் பதிவு செய்து பாருங்கள். எங்கள் குழு முதல் தடவை ஸ்டூடியோவுக்குப் போனபோது மூன்றாவது பாட்டின் முடிவை எப்படி வாசிப்பது என்று உள்ளே நின்று பேசியே ரெண்டு மணி நேரக் காசு போனது, அந்தக் காசு என் தங்கையிடம் கடன் வாங்கியது. ராத்திரி நேரத்துக்குக் குறைத்துக் கொடுப்பார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், பல இடத்தில் கொடுக்கிறார்கள்.

---

பாட்டுப்பித்தன் எழுதியது:

ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி. 'கொரோனா' கதையைப் படித்துவிட்டுப் போட்டுக் கேட்டேன், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

பாட்டுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த கதையை எங்கள் டிரம்ஸ் தம்பியிடம் சொன்னேன், அவன் இப்போதே எந்தெந்தப் பாட்டு தனக்கு என்று ஆரம்பித்துவிட்டான். அட்டையில் வாட் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாரே, அது என்ன? நின்றுபோன காரணத்தையும் யாராவது சொல்லுங்கள்.

---

பழைய_கேசட் எழுதியது:

அட்டை: அப்போது அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். அங்கே ஐந்து சென்ட் காசுக்கு நிக்கல் என்று பெயர், அதனால் 55 என்பது லாரிக்காரர்கள் பேச்சில் ரெண்டு ஐந்து, அதாவது 'டபுள் நிக்கல்ஸ்'. 55-ல் என்னால் ஓட்ட முடியாது என்று ராக் பாடகர் சாமி ஹேகர் அந்த வருஷம் ஒரு பாட்டுப் போட்டிருந்தார். நாங்கள் காரைச் சட்டப்படி ஓட்டுகிறோம், துணிச்சலைப் பாட்டில் வைத்துக்கொள்கிறோம் என்பது இவர்கள் பதில். அட்டையில் வாட் தன் ஃபோக்ஸ்வேகனில் போகிறார், வேகமானியின் முள் 55-ல் நிற்க வேண்டும், கண்ணாடியில் அவர் கண் தெரிய வேண்டும், மேலே சான் பீட்ரோ என்ற பலகையும் வர வேண்டும். பின் சீட்டில் நண்பர் கேமராவோடு உட்கார்ந்திருக்க, சரியாக அமையும்வரை திரும்பத் திரும்ப அதே சாலையில் ஓட்டி எடுத்த படம். அந்தப் பகடி அப்போதே பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று வாட் சொல்வார்.

நின்றுபோன காரணம் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 1985 டிசம்பரில் ஆர்.இ.எம் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அதுவரை வாசித்த இடங்களைவிட ரொம்பப் பெரிய இடங்கள். டிசம்பர் 22 அதிகாலை, பூன் அரிசோனா வழியாக வேனில் போய்க்கொண்டிருந்தார். காய்ச்சல், அதனால் பின்னால் படுத்திருந்தார். பாலைவனச் சாலையில் வண்டி தடம் மாறி விபத்து, அங்கேயே போய்விட்டார். 27 வயது. அப்போதுதான் 'த்ரீ-வே டை' ஆல்பம் வெளிவந்திருந்தது. எந்தெந்தப் பாட்டை மேடைப் பதிவாகக் கேட்க ஆசை என்று ரசிகர்கள் எழுதி அனுப்ப ஒரு வாக்குச்சீட்டு வேறு வைத்திருந்தார்கள், மூன்று தட்டில், பாதி ஸ்டூடியோ பாதி மேடைப் பதிவாக, ஒரு பெரிய ஆல்பம் போடுவது திட்டம். அந்த ஓட்டுகளை வைத்து 1987-ல் 'பாலட் ரிசல்ட்' வந்தது, பூன் இல்லாமல்.

வாட் இனிமேல் வாசிப்பதில்லை என்றே இருந்தார். நியூயார்க்கில் சோனிக் யூத் குழு நண்பர்கள் கையில் பேஸைக் கொடுத்து ரெண்டு பாட்டு வாசிக்க வைத்தார்கள். அப்புறம் ஒஹாயோவிலிருந்து எட் கிராஃபர்ட் என்ற ரசிகர், வாட்டும் ஹர்லியும் கிட்டாரிஸ்ட் தேடுகிறார்கள் என்று யாரோ விளையாட்டுக்குச் சொன்னதை நம்பி, சான் பீட்ரோ வந்து, டெலிபோன் டைரக்டரியில் வாட்டின் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஃபயர்ஹோஸ் குழு, 1994 வரை வாசித்தார்கள். வாட் இன்றுவரை தான் போடும் ஒவ்வொரு தட்டையும் டி. பூனுக்குத்தான் சமர்ப்பிக்கிறார்.

---

கடலோடி எழுதியது:

தம்பிகளா, எனக்கு ராக் இசை பற்றி அதிகம் தெரியாது. தூத்துக்குடிக்காரன், கப்பல் எஞ்சின் அறையில் வேலை, இந்தப் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துக்குப் பல தடவை போயிருக்கிறேன். சான் பீட்ரோ பக்கத்திலிருந்து டெர்மினல் தீவுக்குப் பச்சை நிறத்தில் ஒரு தொங்கு பாலம் போகும், வின்சென்ட் தாமஸ் பாலம், கப்பல் அதன் அடியில் நுழையும்போது கன்டெய்னர் அடுக்கு இடித்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

எங்கள் மூன்றாம் எஞ்சினியர் ஒரு பையன், இந்த வாட்டின் பாட்டுகளை ஷிஃப்ட் முடிந்ததும் கேபினில் போட்டுக்கொண்டே இருப்பான். 1997-ல் வாட் போட்ட ஒரு ஆல்பத்துக்குப் பெயரே எஞ்சின் அறையைப் பற்றித்தான். 'கன்டெம்ப்ளேட்டிங் தி எஞ்சின் ரூம்'. எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் மூன்று பேர் கதை, அதில் அவர் அப்பாவின் கடற்படை வாழ்க்கையும் இருக்கிறது, இந்த மூன்று பையன்கள் வேனில் ஊர் ஊராகப் போன கதையும் இருக்கிறது என்று அவன்தான் விளக்கிச் சொன்னான். எனக்கு அது உடனே புரிந்தது. மேலே வானம் எப்படி இருக்கிறது என்றே தெரியாமல், சூட்டிலும் எண்ணெய் நாற்றத்திலும், பக்கத்தில் இருப்பவன் கையைக் காட்டினால் போதும் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொண்டு வேலை செய்கிற மூன்று பேர். அங்கே வாய்ப்பேச்சு காதில் விழாது. ஒரு ஆள் கை ஓங்கினால் அங்கே வேலை நடக்காது.

ஒரு தடவை கரைக்கு இறங்க ஐந்து மணி நேரம் கிடைத்தது. எல்லோரும் கடைக்குப் போக, அந்தப் பையன் பெக் பார்க்கைப் பார்க்க வேண்டும் என்றான், சரி என்று நானும் கூடப் போனேன். சாதாரணப் பூங்கா. பெரிய பெரிய மரங்கள். எந்த மரத்திலிருந்து குதித்தான் என்று எந்தப் பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை. அவன் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மேலே பார்த்துக்கொண்டே வந்தான். ஏறக்கூடிய மாதிரி தாழ்ந்த கிளை உள்ளதை மட்டும் எண்ணினான். எனக்குக் கால் வலி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

---

நாலுகம்பி எழுதியது:

கடலோடி அண்ணா, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. அந்த ஆல்பத்தைப் பல வருஷமாகக் கேட்கிறேன், எஞ்சின் அறையில் நின்றவர் ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

பித்தன் தம்பிக்கு இன்னொரு விவரம். பூன் சான் பீட்ரோவில் ஸ்டார் தியேட்டர் என்ற கொட்டகையை வாடகைக்கு எடுத்து, யூனியன் தியேட்டர் என்று பெயர் மாற்றிக் கச்சேரிகள் நடத்தினார். சீக்கிரமே ஆரம்பித்து சீக்கிரமே முடித்துவிடுவார்களாம், காலையில் வேலைக்குப் போகிறவர்களும் வந்து பார்த்துவிட்டு நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நீங்கள் கச்சேரி வைக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் தொடங்குகிறார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன் பாதியில் எழுந்து போகிறான்.

---

பாட்டுப்பித்தன் எழுதியது:

ஸ்டூடியோவில் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்துவரை, பகல் கட்டணத்தில் பாதி. மூன்று பேரும் சம்மதம். அதற்குள் தினமும் பன்னிரண்டையும் வரிசையாக வாசிப்பது என்று முடிவு, நேற்று முதல் தடவை முயற்சி செய்தோம், ஏழாவது பாட்டில் நான்தான் தடுமாறினேன். கிட்டாரின் ட்ரெபிளை ஏற்றிவிட்டு வாசித்தேன். எங்கள் பேஸ் வாசிக்கும் நண்பன் பாதியில் நிறுத்திவிட்டு, இத்தனை நாளும் நான் வாசித்தது எனக்கே கேட்டதில்லை என்றான்.